மிஷினுக்குக் கொடுத்த அறை

போன மாதம் சுங்கை சோவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன், ரசம் ஊற்றுகிற நேரத்தில் பக்கத்து இலைக்காரனிடம் அந்தக் கதையை எடுத்துவிட்டான். "எங்க எஸ்டேட்ல ஒரு ஆளு இருந்தான்லா. மிஷினுக்கு ரூமு குடுத்துட்டு, பொண்டாட்டியக் கூடத்துல படுக்க வெச்சவன்." கேட்டவன் சிரித்தான். சொன்னவன் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தான். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பாயசம் இன்னும் வரவில்லையே என்று பெண் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். அவரிடம் போய் என்னத்தைச் சொல்வது?

இதே கதையை நான் ராசாவில் ஒரு சாவு வீட்டில் கேட்டிருக்கிறேன். ரவாங் பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். உடையப்பன். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் என் அடுத்த வீட்டுக்காரர். அந்த அறை யாருக்காகப் போனதோ, அவர்கள் வீட்டிலிருந்துதான் அந்தச் சிரிப்பு முதலில் கிளம்பியது. இத்தனை வருஷமாக என் நெஞ்சில் குத்திக்கொண்டு இருப்பது அதுதான். ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்ததை நடந்தபடி யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் எஸ்டேட் கம்போங் குவாந்தானுக்கு இந்தப் பக்கம், ஆற்றுக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. உடையப்பன் அண்ணன் எண்ணெய் மில்லில் பிட்டர். குள்ளமான ஆள், தடித்த கழுத்து. பேச்சு குறைவு. தேநீர்க் கடையில் கரண்டி கொடுத்தால்கூட அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் கலக்குவார். அவர் சம்சாரம் புஷ்பவள்ளி அண்ணி அதற்கு நேர்மாறு. நெட்டையான உடம்பு, வெளிக்காட்டில் மருந்தடிக்கும் வேலை, இரண்டு லயம் தாண்டிக் கேட்கிற குரல். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்களும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மில்லில் ஏதாவது சாமான் உடைந்தால் தஞ்சோங் காராங்கில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு சீனர் பட்டறைக்கு அண்ணனைத்தான் அனுப்புவார்கள். அந்தப் பட்டறையின் மூலையில் ஒரு பழைய கடைசல் மிஷின் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. சின்னது. இரும்புத் துண்டைக் கவ்விப் பிடித்துச் சுழற்றினால், உளியை ஓரத்தில் வைத்து வேண்டிய உருவத்துக்குச் சீவி எடுத்துவிடலாம். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அந்தப் பட்டறை முதலாளிக்கு, தவுக்கேக்கு, சும்மா வேலை செய்து கொடுத்தார். கடைசியில் தவுக்கே, "எடுத்துக்கிட்டுப் போ, இடத்தை அடைக்குது" என்று மலாயில் சொல்லிவிட்டார். நான் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவன்; செம்பனைக் குலை இறக்கிவிட்டு வந்த என் லோரியில்தான் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

வந்த பிறகுதான் கேள்வி. எங்கே வைப்பது?

எங்கள் லயம் பழைய பலகை லயம். கட்டைத் தூண் மேல் தூக்கிக் கட்டியது. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் குசினி. முன்னறையில் வைத்தால் பலகைத் தரை மிஷினோடு சேர்ந்து ஆடும். வெட்டு நேராக வராது. பின்னறையில் அரிசி மூட்டை, துணிப்பெட்டி, சாமி படம். ஆக மிச்சம் இருந்த இடம் வீட்டுக்கு அடியில். விறகும் கோழியும் இருக்கிற இடம். அங்கே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தார். எங்கள் பக்கம் கடலோரத்துக் களிமண், ஒரு சாண் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அதனால் நின்று செய்கிற மிஷினை உட்கார்ந்து செய்கிற மிஷினாக மாற்றினார். எஸ்டேட் ரயில் பாதையிலிருந்து கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டையை அடுக்கித் தையல் மிஷின் உயரத்துக்கு ஒரு மேடை. லயத்தில் சாயங்காலம் மட்டும்தான் கரண்டு, அதுவும் விளக்குக்கு. ஆகவே ஒரு தையல் மிஷினின் மிதியையும் சக்கரத்தையும் பிடுங்கி வந்து கீழே மாட்டினார். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து வலது காலால் மிதிப்பார், கையால் கடைவார்.

களிமண்ணில் மேடை அமிழ்ந்து சாய்ந்தது. அதற்கும் வழி கண்டார். மேடையை வீட்டுத் தூணோடு சேர்த்து முடுக்கிவிட்டார். இதில்தான் வினை வந்தது. மேலே யாராவது நடந்தால் அந்த அதிர்வு தூண் வழியாக இறங்கி உளி முனைக்கு வந்துவிடும். இரும்பில் வரி விழும். எனவே அவர் ஒரு மூங்கில் கம்பு வைத்துக்கொண்டார். கடைசி வெட்டு வெட்டப் போகும்போது மேல் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். இரண்டு தட்டு என்றால் நில். ஒரு தட்டு என்றால் நட. அண்ணி அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிற்பார்.

"சீக்கிரம் ஆவட்டும்யா, கை வேகுது!" என்று அங்கிருந்தே கத்துவார்.

ஒரே தரை, ஒரே தூண் வரிசை. அதனால் அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். சிலுவாரில் ஒரு காலை விட்டுக்கொண்டு நான் நின்ற நாள் உண்டு. "அவரு கம்பு தட்டுனா நம்ம வீட்டுலயும் கர்பியூவா?" என்று என் வீட்டுக்காரி முணுமுணுப்பாள். ஆனால் அவளும் நிற்பாள்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு நீராவி எஞ்சின். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒருநாள் கீழே குனிந்து போய்க் கேட்டேன்.

"எதுக்குண்ணே இது?"

"சுத்தும்."

"சுத்தி?"

"சுத்திக்கிட்டே இருக்கும்."

"அவ்ளோதானா?"

"வேற என்னா வேணும் ஒனக்கு?"

இதனால் அவர் மேல் ஊருக்குக் கோபம். சைக்கிள் அச்சைக் கடைந்து கொடு, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு மரை போட்டுக் கொடு என்று வருவார்கள். மாட்டேன் என்பார். "மில்லுல செய்யிறது வேலை. இங்க செய்யிறது என் இஷ்டம். ரெண்டையும் கலக்காத." என் லோரி அச்சுக்கு ஒரு புஷ் வளையம் கேட்டதற்கும் இதே பதில்தான். எனக்கும் சுருக்கென்றது. பொய் சொல்வானேன்?

அண்ணியின் தம்பி சுப்பிரமணியம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவன். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவான், வந்தால் லயமே கலகலக்கும். ஒரு தீபாவளிக்கு வந்தவன் வீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், கோழிக்கும் ஒங்களுக்கும் வாடகை பாதிப் பாதியா?"

"நீ என்னா பெரிய மாளிகையில வேல செய்யிறவனாட்டம் பேசுற?" என்றார் அண்ணன்.

"இல்ல மச்சான். எங்க கப்பல்ல இஞ்சினியருங்க பாதிப் பேருக்கு இதே கிறுக்குதான். ஊர்ல வீட்டுல ஆளுக்கொரு லேத்து, இதே கடைசல் மிஷினு. போட்டோ எடுத்து வெச்சிக்கிட்டு ஒருத்தனுக்கொருத்தன் காட்டிக்குவானுங்க, புள்ள போட்டோ காட்டுற மாதிரி." அவன் படியில் உட்கார்ந்துகொண்டு விரலை மடக்கினான். "ஜெர்மன்காரனுக்கு வீட்டுக்குக் கீழ ஒரு கிடங்கு. பனிக்காலத்துல வெளிய கால் வைக்க முடியாதாம், உள்ள பூந்துக்குவான். வெள்ளக்காரனுக்குத் தோட்டத்துக் கோடியில பலகைக் கொட்டாய், நம்ம கக்கூசு மாதிரி. ஈரத்துல மிஷினு துருப்புடிக்கும்னு அதுக்கு மட்டும் ஒரு விளக்கு எரிய வெச்சிருப்பான். அமெரிக்காக்காரன் கார வெயில்ல நிறுத்திட்டு, கார் கொட்டாயில மிஷின வெச்சிருக்கான்."

"காரு வெயில்லயா?" என்றேன் நான்.

"காரு வெயில்ல. மிஷினு நிழல்ல. ஜப்பான்ல ஒரு இஞ்சினியரு வீட்டுக்கு நானே போயிருந்தேன். வீடா அது? நம்ம குசினி தேவலாம். மெத்தைய சுருட்டி வைக்கிற அலமாரி இருக்குல்ல, அதுக்குள்ள லேத்து. என் கை நீளந்தான் இருக்கும். தரையில மண்டி போட்டு ஒக்காந்து கடையிறான். முடிஞ்சதும் கதவத் தள்ளிச் சாத்திட்டு, அதுக்கு முன்னாலயே படுக்கைய விரிச்சிக்கிறான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "பாரு சேது, எந்த ஊருக்காரனா இருந்தாலும் பொண்டாட்டி வேணாம்னு ஒதுக்கின இடத்துலதான் மிஷின வெச்சிருக்கான்."

"அந்த ஊருப் பொண்டாட்டிங்களக் கம்பால தட்டி நிக்க வெக்கிறாங்களான்னு கேளுடா தம்பி" என்று மேலேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் லயத்தை இடிக்கப் போவதாக ஆபீசிலிருந்து கிராணி வந்து சொன்னார். சாலையோரமாகக் கல் வீடு வரிசையாகக் கட்டியிருந்தார்கள். சிமெண்டுத் தரை, உள்ளேயே குளியலறை, நாள் முழுக்கக் கரண்டு. ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, ஒரு குசினி. பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி அப்போதே என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டார், அந்த அறைக்கு ஒரு கட்டில் வாங்க வேண்டும் என்று. பிறந்ததிலிருந்து பாயில் படுத்தவர்.

கிராணி போகும்போது இன்னொன்றும் சொன்னார். வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கொட்டகை, இறக்கம் எதுவும் போடக் கூடாது.

உடையப்பன் அண்ணனுக்கு அன்றே முகம் செத்துவிட்டது. எஞ்சின் பாதியில் நிற்கிறது. சிமெண்டுத் தரைக்கு அடியில் இடம் கிடையாது. வெளியே கொட்டகை கிடையாது. மறுநாள் என்னிடம் வந்தார்.

"சேது, லோரி காலியா இருக்கறப்ப சொல்லு. மிஷின தவுக்கேகிட்டயே கொண்டு போய்ப் போட்டுடலாம்."

சரி என்று லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அண்ணன் லயத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மண்ணில் குச்சியால் புது வீட்டைக் கோடு போட்டு வைத்திருந்தார். சீட்டில் அவர்களுக்கு விழுந்தது வரிசைக் கடைசி மூலை வீடு. அண்ணி முதுகில் இருந்த மருந்துத் தோம்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர், லோரியைப் பார்த்தார், மண்ணில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

"எங்க போவுது மிஷினு?"

"தவுக்கேகிட்ட."

"ஏன்? வீடு இல்லியா நமக்கு?"

"வெக்க எடமில்ல புள்ள. குசினியில நீ அடுப்ப வெச்சா ஆள் திரும்ப முடியாது. கூடத்துச் சுவரு இராமையா வீட்டுச் சுவரு. அவன் வீட்டுல பச்சப் புள்ள. சுவத்துல ஆணி அடிச்சித் தொட்டில் கட்டுவாங்க. நான் இங்க மிதிச்சா அங்க தொட்டில் ஆடும், புள்ள தூங்காது."

"ரூமுச் சுவரு யாரு சுவரு?"

"அது கோடிச் சுவரு. அந்தாண்ட சாக்கட. யாருமில்ல."

"அப்ப ரூம்ல வை."

"கட்டில் கேட்டியே."

"கேட்டேன். இப்ப வேணாங்கறேன். நாம என்னிக்கு ரூம்ல படுத்தோம்? இங்க மாதிரியே கூடத்துல பாயப் போட்டுப் படுத்துக்கலாம். காத்து வரும்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, லோரியத் திருப்பு. தஞ்சோங் காராங் எந்தப் பக்கம்னு மறந்துடு."

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் வாயைத் திறந்து கேட்கவில்லை. கொடுத்தது அண்ணி. கொடுத்ததற்குக் காரணம் இராமையா வீட்டுத் தொட்டில்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே மிஷினை அறைக்குள் தரையோடு முடுக்கிவிட்டோம். சாயங்காலம் அண்ணன் முதல் வெட்டு வெட்ட உட்கார்ந்தார். பழக்க தோஷம், பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டார். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி கையில் தட்டோடு அப்படியே நின்றார். பால் குடிக்க வந்திருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். "என்னாச்சி வள்ளி? கழுத்துப் புடிச்சிக்கிச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அண்ணன் உள்ளேயிருந்து சொன்னார்: "இனிமே நடக்கலாம் புள்ள. சிமெண்டு ஆடாது."

அண்ணி தலையாட்டினார். ஆனால் பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. உள்ளே உளி இரும்பைத் தொடுகிற சத்தம் கேட்டால் கால் தானாக நின்றுவிடும். துணி காயப்போடப் போகிறவர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நிற்பார். இதைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்க ஆரம்பித்தது.

முதலில் கரண்டு இருக்கிறதே என்று ஒரு பழைய மோட்டாரை மாட்டினார் அண்ணன். அதில் வந்தது அடுத்த வம்பு. இராமையா வேகமாக வந்தான்.

"உடையண்ணே, ஒங்க மிஷினு ஓடுனா எங்க டிவியில மழ பெய்யுது! தமிழ்ப் படம் ஓடிக்கிட்டிருக்கு, கதாநாயகி மூஞ்சே தெரியல!"

"மூஞ்சி தெரிஞ்சா மட்டும் ஒனக்கென்னா பண்ணப் போறா?" என்றேன் நான்.

அண்ணன் சிரிக்கவில்லை. மோட்டாரை அன்றே கழற்றிவிட்டு, பழைய மிதியைத் திரும்ப மாட்டினார். அந்த இராமையா வீட்டில்தான், ஒரு பிறந்தநாள் விருந்தில், "மிஷினுக்கு ரூமு, பொண்டாட்டிக்குக் கூடம்" என்ற பேச்சு கிளம்பியது. சொன்னது அவன் மைத்துனன். ஆனால் அவனும் தடுக்கவில்லை, சிரித்தான். நான் சண்டைக்குப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தொட்டில் கதைய நானே சொல்லிடறேண்ணே, விடு."

"சொல்லாத. சொன்னா அவன் பொண்டாட்டி அந்தத் தொட்டில நிம்மதியா ஆட்ட மாட்டா. சிரிச்சிட்டுப் போறாங்க."

அவர் இருக்கிறவரை நான் சொல்லவில்லை.

இனி சொல்லப் போவதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

லயத்துக்கு அடியில் வேலை செய்தபோது அண்ணன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அது வெளி. சேறு, கோழி எச்சம், இரும்புச் சீவல் எல்லாம் கிடக்கும். புது வீட்டில் மிஷின் இருந்தது வீட்டுக்குள். நம்மில் யார் வீட்டுக்குள் செருப்புப் போடுகிறோம்? வாசலிலேயே கழற்றிவிட்டுப் போவார். போதாக்குறைக்கு அந்த அறையின் ஒரு மாடத்தில் அண்ணி முருகன் படம் வைத்து விளக்கேற்றினார். வெள்ளிக்கிழமை மிஷினுக்கும் பொட்டு உண்டு. அதற்கு முன்னால் செருப்புக் காலோடு யார் உட்காருவார்?

சீவல் காலில் குத்தும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. உடைந்த ரேடியோவின் காந்தத்தை எடுத்துக் குச்சியில் கட்டி அண்ணியிடம் கொடுத்திருந்தார். அண்ணி தினமும் பெருக்கிவிட்டு, தரை முழுக்க அந்தக் காந்தத்தை ஓட்டுவார். இரும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் அந்த வருஷம் அவர் எஞ்சினின் உருளையைக் கடைந்துகொண்டிருந்தார். அது பித்தளை. பித்தளை சுருளாக வராது, ஊசி ஊசியாகத் தெறிக்கும். காந்தத்திலும் ஒட்டாது. இது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அண்ணனுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது அவருக்கே தெரியாது. ஒரு நாள் மத்தியானம் அண்ணி கூடத்தைத் துடைக்கும்போது சிமெண்டில் வட்டம் வட்டமாக ரத்தக் கறை. அறையிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரே காலின் தடம். இவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கிறார். பித்தளை ஊசி ஏறிய புண் ஏற்கனவே பழுத்திருந்தது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது மிதிக்கிற கால்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் அண்ணி என் வீட்டு வாசலில் நின்றார். அந்தக் குரல் அன்று எழும்பவே இல்லை.

"தம்பி, லோரியக் கொண்டா. அத எடுத்துட்டுப் போயி எங்கயாவது ஆத்துல தள்ளு. நாந்தான உள்ள வெக்கச் சொன்னேன். அடியில இருந்தா பூட்ஸ் போட்டிருப்பாரு."

நான் லோரியோடு போனேன். அண்ணன் அந்த அறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகட்டை ஒருபக்கம் சாத்தியிருந்தது. ஒரு கை மிஷின் சக்கரத்தின் மேல். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். சக்கரத்தைக் கையால் லேசாக ஒரு சுற்றுத் தள்ளிவிட்டார். அது சுற்றி நின்றது.

அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே போனார். திரும்பி வந்தபோது காலில் செருப்பு. வீட்டுக்குள், சாமி படத்துக்கு முன்னால், செருப்புக் காலோடு வந்து, மாடத்திலிருந்த முருகன் படத்தை எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டினார். அண்ணனுடைய இடது கால் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலில் மாட்டிவிட்டார். இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மிதியில் காலை வைத்தார்.

"எவ்ளோ வேகமா மிதிக்கணும்?"

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரவிக்கை தைக்கிற வேகம் போதும்."

நான் லோரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறமும் ஊர் சும்மா இருந்ததா? "பொண்டாட்டியச் செக்கு மாடாட்டம் மிதிக்க வெச்சிருக்கான்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. ஆனால் இராமையா ஒருநாள் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"உடையண்ணே, மோட்டார மாட்டிக்கங்க. நாங்க டிவிய அடைச்சிடறோம். எந்நேரம்னாலும் சரி."

"வேணாம்பா," என்றார் அண்ணி, மிதித்துக்கொண்டே. "நீ படம் பாரு. எனக்கு இது பழகிடுச்சி."

எஞ்சினை முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கொதிகலன் செய்ய அண்ணனுக்குத் தெம்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சைக்கிள் பம்பின் குழாயை அந்தச் சின்ன உருளையில் மாட்டி வைத்திருந்தார். "அடி" என்றார். அடித்தேன். சக்கரம் ஒரு பக்கமாக அசைந்து தயங்கியது. விரலால் ஒரு தட்டு. டிக் டிக் டிக் என்று சுற்ற ஆரம்பித்தது. நான் அடிக்கிற வரைக்கும் சுற்றியது. கை வலித்து நிறுத்தினால் நின்றது.

"இவ்ளோதானா?" என்று கேட்டார் அண்ணி.

"இவ்ளோதான்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா அடி தம்பி" என்றார். அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. அண்ணன் அந்தச் சக்கரத்தின் மேல் கட்டைவிரலை வைத்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அவருக்குச் சிறுநீரகம் போயிற்று. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆனபோது, நான் லோரியைக் கிள்ளான் பக்கம் ஓட்டும் நாளில் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ஒரு நாள் அண்ணி தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரம். அண்ணன் என்னைக் கிட்டே வரச் சொன்னார். முகம் வீங்கியிருந்தது. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"சேது, நான் போனதும் மிஷின எடுத்துடு. அவ வேணாம்னுவா. அப்பிடியே இருக்கட்டும், அவரு நெனப்புன்னு சொல்லுவா. கேக்காத."

"யாருக்குண்ணே குடுக்கறது?"

"யாருக்கு வேணா குடு. தவுக்கே இருந்தா அவருக்கே குடு. ரூமக் காலி பண்ணி வெள்ள அடி. ஒரு கட்டில் போடு. மரக் கட்டில் வேணாம், மூட்டப்பூச்சி வரும். இரும்புக் கட்டில். சன்னல் பக்கம் தலமாடு."

சரி என்றேன். எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இரு, முடிக்கல. மிஷின எடுத்தா தரையில நாலு போல்ட்டு நீட்டிக்கிட்டு நிக்கும். இப்ப செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வரா. அது மறுபடியும் படுக்குற ரூமுன்னு ஆயிட்டா செருப்ப வாசல்லதான் வுடுவா. நீ அந்தப் போல்ட்டத் தரையோட தரையா அறுத்துடு. அறுத்தா மட்டும் பத்தாது, முன விளிம்பு நிக்கும். அரம் போடு. பித்தளத் தூளு மூலையில எங்கயாச்சும் கெடக்கும், காந்தத்த நம்பாத, ஈரத் துணிய வெச்சி ஒத்தி எடு. எல்லாம் முடிஞ்சப்புறம் ஒன் உள்ளங்கையத் தரையில வெச்சி, சுவத்துலேர்ந்து சுவரு வரைக்கும் தடவிப் பாத்துட்டுக் கட்டில உள்ள கொண்டா. கண்ணால பாத்துட்டு சரியா இருக்குன்னு வந்துடாத."